மூச்சின் உரிமை: மன்னார்க் கடலடியும் புனைகதை மாந்தரும்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ண் 1870இல் எழுதி முடித்த ‘கடலடியில் இருபதாயிரம் லீக்குகள்’ என்னும் நாவலின் இரண்டாம் பாகத்தில், மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களைக் களமாகக் கொண்ட இரு அத்தியாயங்கள் உள்ளன. அவற்றைச் சில காலத்துக்கு முன் மாணவர் சிலரோடு அமர்ந்து வாசிக்கும் வாய்ப்பு ஏற்பட்டது. வாசிப்பு முடிந்ததும், தீவகப் பகுதியிலிருந்து வரும் மாணவர் ஒருவர், “அந்தச் சுழியோடியின்ரை பேர் என்ன, சேர்?” என்று கேட்டார். ஏடுகளைத் திருப்பிப் பார்த்தோம். பெயர் எங்கும் இல்லை. அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அதே பக்கங்களில் அவருக்குச் சில யார் தூரத்தில் நிற்கும் நால்வருக்கோ பெயரும் உண்டு, பேச்சும் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக முதுகிற் கட்டிய பெட்டியில் மூச்சும் உண்டு. இக்கட்டுரை அக்கேள்வியின் விளைவு.

மனிதர் சுவாசிக்க இயலாத இடங்களுக்குக் கதைமாந்தரை அனுப்புவது உலக இலக்கியத்தின் மிகப் பழைய பழக்கங்களுள் ஒன்று. கடலடி, பாதாளம், வானவெளி, சந்திரமண்டலம் என அவ்விடங்கள் பலவாகும். அங்கே அவர்கள் எவ்வாறு மூச்சு விடுகிறார்கள் என்ற கேள்வியை விமரிசகர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. சிறுவர் கேட்கும் கேள்வி என்றோ, விஞ்ஞானக் கதைப் பிரியரின் பொழுதுபோக்கு என்றோ அதனை ஒதுக்கிவிடுவர். ஆயின், ஒரு படைப்பு தன் மாந்தருள் யாருக்கு மூச்சைத் தடையின்றி வழங்குகிறது, யாரை மூச்சுக்கு விலை செலுத்த வைக்கிறது என்று நோக்கின், அப்படைப்பின் சமூகப் பார்வை வேறெங்கும் காணாத அளவு வெளிப்படையாகத் தெரியவருகிறது. வீடு, உணவு, நிலம் ஆகியவற்றை யார் யாருக்குக் கொடுப்பது என்பதில் எழுத்தாளன் எச்சரிக்கையாக இருப்பான். காற்று விடயத்தில் அவன் எச்சரிக்கையாக இருப்பதில்லை.

நமது பழைய இலக்கிய மரபிலிருந்து தொடங்குவோம். மகாபாரதத்தில், சேனைகள் அழிந்தபின் துரியோதனன் மடுவொன்றினுள் புகுந்து மறைகிறான். நீரை மந்திரத்தாற் கட்டும் வித்தை அவனிடம் இருக்கிறது. நீருக்குள் அவன் மூச்சு முட்டினான் என்று எந்தக் கதைசொல்லியும் சொல்வதில்லை. நமது கூத்துகளிற் பாதாளம் சென்று மயிலிராவணனை வெல்லும் அனுமனுக்கும் அந்தச் சிக்கல் இல்லை. வரம், மந்திரம், பிறப்பு என்ற மூன்றில் ஒன்று இவர்களின் சுவாசத்துக்குப் பொறுப்பேற்றுக்கொள்கிறது.

மணிமேகலை இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தின் நயினாதீவோடு ஆய்வாளர் பலர் இணைத்து நோக்கும் மணிபல்லவத்துக்கு மணிமேகலையைத் தெய்வம் வான்வழியே எடுத்துச் செல்கிறது. பின்னர் அத்தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அருளுகிறது. ஒன்று வேற்றுருக் கொள்வதற்கு. மற்றொன்று வானிற் செல்வதற்கு. மூன்றாவது பசியைப் போக்குவதற்கு. சாத்தனார் தமது கதாநாயகிக்கு எவை தடையாகும் என்று எண்ணிப்பார்த்தவர். அவர் பட்டியலிற் பசி இருக்கிறது; மூச்சு இல்லை. கடலின் மேலே முப்பது யோசனை தூரம் பறந்தபோதும் காற்றுக் குறையும் என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. இதனை அறிவியல் அறியாமை என்று மட்டும் கூறி அமைவது போதாது. காவியத்தின் உலகிற் பற்றாக்குறையான பொருள் உணவே. அமுதசுரபி வேண்டியிருந்தது அதனாலேதான். காற்று எவருடைய களஞ்சியத்திலும் அடைபட்டிருக்கவில்லை. எவரும் அதனை அளந்து கொடுக்கவில்லை. ஆகவே அதுபற்றிக் கவலைப்படும் தேவையும் புலவனுக்கு இருக்கவில்லை.

ஆனால் அக்காலத்திலேயே காற்றை எண்ணி எண்ணிச் செலவிட்ட ஒரு கூட்டம் தமிழ்க் கரைகளில் இருந்தது. கொற்கையின் முத்தும் சங்கும் சங்கப் பாடல்களிற் பலமுறை பேசப்படுகின்றன. முத்து அங்கே பல்லுக்கு உவமையாகிறது, அரசனின் செல்வமாகிறது, கரையில் விளையாடும் பெண்கள் காலில் இடறும் பொருளுமாகிறது. அதனை எடுத்துவந்தவன் நீரடியிற் கழித்த பொழுது மட்டும் எந்தப் பாடலிலும் பொருளாகவில்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இரங்குபவள் கரையில் நிற்பவள். கவிதையும் அவளோடு கரையிலேயே நின்றுவிட்டது.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு எனக் கருதுகிறேன். தொழிற் பாடல்கள் மூச்சின் ஒழுங்கிலிருந்து பிறப்பவை. நமது கரைகளில் வலை இழுப்போர் பாடும் அம்பாவைக் கேட்டோர் இதனை உடனே உணர்வர். ஒருவன் முன்னே பாட, மற்றவர் இழுக்கும் கணத்தில் மூச்சை வெளிவிட்டு ஒருமித்து ஒலியெழுப்புவர். பாட்டின் அடியும் கயிற்றின் இழுப்பும் நெஞ்சின் விரிவும் ஒன்றாய்ச் செல்லும். ஏற்றப் பாட்டும் நெல்லுக் குத்தும் பாட்டும் இத்தகையனவே. சுழியோடுபவனோ தொழில் செய்யும் கணத்திற் பாட முடியாது. வாயைத் திறந்தால் உயிர் போய்விடும். மேலே தோணியிற் கயிறு பிடிப்பவன் பாடலாம்; கீழே சிப்பி பொறுக்குபவன் பாட முடியாது. உழைப்பின் இயல்பே அவனை ஊமையாக்கி வைத்தது. வாய்மொழி மரபிலிருந்து எழுத்து மரபுக்கு வந்து சேர அவனிடம் பாட்டு இருக்கவில்லை.

அத்தொழிலின் இயல்பினை இவ்விடத்திற் சற்று விளக்குதல் வேண்டும். மன்னாருக்குத் தெற்கே சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளை அடுத்து, ஐந்து முதற் பத்துப் பாகம் வரையான ஆழத்தில் முத்துப்பார்கள் அமைந்திருந்தன. சுழியோடி கல்லொன்றிற் கால் வைத்து, அதன் பாரத்தால் விரைந்து கீழிறங்குவான். இடுப்பிலோ கழுத்திலோ கூடை தொங்கும். ஒரு நிமிடத்தை ஒட்டிய பொழுதுக்குள், வல்லவராயின் ஒன்றரை நிமிடத்துக்குள், கைக்கு எட்டிய சிப்பிகளைச் சேர்த்துக்கொண்டு கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் இழுத்தெடுப்பான். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியர் மூக்கிற் கொம்பினாலான கவ்வியை மாட்டிக்கொண்டனர். தமிழர் விரல்களாலேயே மூக்கை இறுக்கிக்கொண்டனர். ஒரு கை மூக்குக்குப் போய்விட்டால் உழைப்புக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதை வாசகர் எண்ணிப்பார்க்கலாம். மூச்சை அடக்கியவனைத் துன்புறுத்துவது முதலில் ஒட்சிசன் குறைவன்று. குருதியிற் சேரும் காபனீரொட்சைட்டின் மிகுதி. அதுவே மேலே வா என்று உடலை விரட்டும். பழகியவர் அந்த விரட்டலைப் பொறுத்துக்கொள்ளக் கற்றவர். அளவுக்கு மிஞ்சிப் பொறுத்தவர் நினைவிழந்தனர்.

பிரித்தானிய ஆட்சிக்காலத்தின் பிற்பகுதியிற் குளிப்பில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு அரசுக்கும் மூன்றில் ஒன்று சுழியோடிகளுக்கும் எனப் பங்கிடப்பட்டது. சுறாவைக் கட்டிப்போடும் மந்திரம் அறிந்தவனாகக் கருதப்பட்ட கடல்கட்டிக்கும் அவர்கள் கொடுக்க வேண்டியிருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைகளைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு சென்றதைக் குறிப்பிடுகிறார். மேலேயுள்ளவர்கள் எல்லோரும் கீழேயுள்ளவனின் ஒரு நிமிடத்தைப் பங்குபோட்டுக்கொண்டனர்.

ஐரோப்பியக் கலை இக்கடலை முதலில் மேடையிற் கண்டது. 1863இற் பாரிசில் அரங்கேறிய பீசேயின் ‘முத்துக் குளிப்போர்’ என்னும் இசைநாடகத்தின் களம் இலங்கை. முதலில் அது மெக்சிக்கோவாக இருந்து பின்னரே இலங்கையாக மாற்றப்பட்டது என்பதிலிருந்து, களத்தின் உண்மையில் ஆசிரியர்களுக்கு இருந்த அக்கறையை அளந்துகொள்ளலாம். தலைப்பு முத்துக் குளிப்போரைப் பற்றியது. நாடகத்தில் எவரும் முத்துக் குளிப்பதில்லை. லெய்லா என்னும் கன்னி, தொழிலாளரின் பாதுகாப்புக்காகப் பாறைமீது நின்று வேண்டிப் பாடுகிறாள். நமது கடல்கட்டியே அங்கே வெண்ணிற முக்காட்டோடு உருமாறி நிற்கிறானோ என்று எண்ணத் தோன்றும். இசைநாடகத்தில் மூச்சு முழுவதும் பாடகருக்கே உரியது. நீண்ட நேரம் மூச்சை நிறுத்திப் பாடுவோருக்குக் கைதட்டல் கிடைக்கும். கடலடியில் மூச்சை நிறுத்தியவனுக்கு அந்த அரங்கில் இடமில்லை.

வேர்ண் அவ்வாறு செய்யவில்லை. அவர் கடலுக்குள் இறங்கினார். அதனாலேயே அவரை விரிவாக நோக்க வேண்டியிருக்கிறது.

நோட்டிலஸ் என்னும் நீர்மூழ்கியின் தலைவன் நீமோ, பேராசிரியர் அரோனாக்ஸ், அவருடைய பணியாள் கொன்செய், எறியீட்டி வீரன் நெட் லாண்ட் ஆகியோரை முத்துப்பாருக்கு அழைத்துச் செல்கிறான். நால்வருக்கும் செப்புத் தலைக்கவசமும் அமுக்கப்பட்ட காற்றும் உண்டு. அக்காலத்தில் ரூக்கேரோல், தெனேரூஸ் என்னும் இருவர் உண்மையிலேயே உருவாக்கிய சுவாசக் கருவியைக் கற்பனையில் வளர்த்து, ஒன்பது பத்து மணிநேரம் மூச்சு வழங்கும் சாதனமாக வேர்ண் ஆக்கியிருக்கிறார். ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுபவரின் குருதியில் நைதரசன் குமிழ்களாகி உடலை முடக்கும் என்பதைப் போல் பெர் 1878இலேயே விளக்கினார். படிப்படியாக மேலெழும் அட்டவணைகளை ஹோல்டேன் 1908இல் வெளியிட்டார். ஆகவே நாவலில் எவருக்கும் அந்நோய் வராததை ஆசிரியரின் குறையாகக் கொள்ள முடியாது. அறிவியல் அதுவரை வந்திருக்கவில்லை.

ஆனால் வெறும் மூச்சோடு இறங்குபவனின் நோய்களை வேர்ண் நன்கு அறிந்திருந்தார். கடலுக்கு இறங்குமுன் நீமோ அவற்றைச் சொல்கிறான்: சராசரியாக முப்பது வினாடிகள், மேலே வந்தபின் மூக்காலும் காதாலும் குருதி கலந்த நீர், மங்கும் பார்வை, உடலிற் புண்கள், முதுமை காணாத வாழ்க்கை. கூலியின் அற்பத்தனமும் பேசப்படுகிறது. ஐரோப்பிய வாசகனின் மேசைக்கு முத்தின் விலையைக் குருதியில் எழுதி அனுப்பிய பக்கங்கள் இவை. இவற்றைப் படித்த பின்னும் வேர்ணை வெறும் ஏகாதிபத்தியக் கதைசொல்லி என்று ஒதுக்குவோர் நாவலைப் படித்தவர்களாக இருக்க முடியாது.

இனிக் காட்சிக்கு வருவோம். குளிப்புக் காலம் மார்ச் மாதத்திலேயே தொடங்கும். கதை நிகழ்வது சனவரி இறுதியில். அறுவடைக்கு முன்னே கதிர் பொறுக்க வந்தவனைப் போல ஒரு தனித் தொழிலாளி மட்டும் தோணியில் வந்து சுழியோடிக்கொண்டிருக்கிறான். தனியன் ஆகையாற் கயிறு பிடிக்க அவனுக்கு ஆளில்லை; ஏறுவதும் இறங்குவதும் அவனே. ஒவ்வொரு முறையும் பத்துச் சிப்பி வரை எடுக்கிறான். பாறை நிழலில் மறைந்து நின்று நால்வரும் அரை மணிநேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த அரை மணிநேரமே எனது பார்வையில் அந்நாவலின் மிக முக்கியமான கட்டம். பார்ப்பவர்களுக்கு மூச்சைப் பற்றிய நினைவே இல்லை. பார்க்கப்படுபவனுக்கு மூச்சைத் தவிர வேறு நினைவில்லை. ஒரே நீர், ஒரே ஆழம், ஒரே அமுக்கம். ஆனால் இரு வகையான காலம் அங்கே ஓடுகிறது. ஓய்வாக நின்று நோக்கி, விவரித்து, இரங்குவதற்கு வேண்டிய காலத்தை அரோனாக்சுக்கு அவருடைய பெட்டியிலுள்ள காற்று வாங்கிக் கொடுத்திருக்கிறது. எடுத்துரைப்பு என்பதே மூச்சுள்ளவனின் சலுகையாகிவிடுகிறது.

சுறா வருகிறது. அதன் வாலடியிற் சுழியோடி நினைவிழக்கிறான். நீமோ கத்தியோடு பாய்கிறான். அவன் வீழ்த்தப்படும் தறுவாயில் நெட் லாண்டின் எறியீட்டி சுறாவின் நெஞ்சைத் துளைக்கிறது. பின்னர் நீமோ, சுழியோடியைக் கல்லோடு பிணைத்திருந்த கயிற்றை அறுத்து அவனை மேலே கொண்டுவருகிறான். கண் விழித்தவன் காண்பது தன்மேற் குனிந்திருக்கும் நான்கு செப்புத் தலைகளை. நீமோ அவன் கையில் ஒரு பை முத்தைக் கொடுக்கிறான். நடுங்கும் கையால் வாங்கும் அவன், தன் உயிரையும் செல்வத்தையும் எந்த மானிடரல்லாதவருக்குக் கடன்பட்டிருக்கிறான் என்று அறியாமல் மிரள விழிக்கிறான்.

இயந்திர யுகத்தின் எழுத்தாளர் இங்கே தம்மை அறியாமலே காவியத்துக்குத் திரும்பிவிடுகிறார் என்பதே நான் சொல்ல விழைவது. கடலடியில் தடையின்றி மூச்சுவிடும் ஆற்றல் வேர்ணிடம் மந்திரத்திலிருந்து கருவிக்கு மாறிவிட்டது. அதனை வாசகனுக்குத் தெளிவாக விளக்குகிறார். எத்தனை வளிமண்டல அமுக்கம் என்பதுவரை கணக்கும் தருகிறார். ஆனால் அந்தக் கருவியைக் காணும் உழைப்பாளிக்கு விளக்கம் எதுவும் தரப்படவில்லை. அவன் கண்ணுக்கு அது மறுபடியும் தெய்வமே. மணிமேகலா தெய்வம் கடலில் வீழ்ந்தவனை ஏழு நாளின் பின் கரை சேர்த்ததைப் போல, செப்புத் தலைத் தெய்வமொன்று மன்னார்ச் சுழியோடியைக் கரை சேர்க்கிறது. முத்துப் பை கிடைக்கிறது. சுவாசக் கருவி கிடைக்கவில்லை. அடுத்த நாள் அவன் மறுபடியும் கல்லைக் கட்டித்தான் இறங்க வேண்டும்.

நீமோவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அம்மனிதன் ஒடுக்கப்பட்டோர் நாட்டைச் சேர்ந்தவன் என்றும், தன் இறுதி மூச்சு உள்ளவரை தானும் அந்நாட்டவனே என்றும் அவன் அரோனாக்சுக்குக் கூறுகிறான். மூச்சு என்ற சொல் அவ்விடத்தில் வந்து விழுவது தற்செயலாக இருக்கலாம். என்றாலும் பொருத்தமாகவே விழுந்திருக்கிறது. பின்னர் எழுதிய ‘மர்மத் தீவு’ நாவலில் நீமோ பண்டல்கண்ட் அரசகுமாரன் தக்கார் என்றும், 1857ஆம் ஆண்டின் எழுச்சியிற் பங்கேற்றவன் என்றும் வேர்ண் வெளிப்படுத்துகிறார். இதனைக் கொண்டு மன்னார்க் காட்சியை இந்தியத் தேசிய உணர்வின் வெளிப்பாடாக வாசிப்போர் உண்டு. அவர்கள் ஒன்றை மறக்கின்றனர். நீமோ முதலில் போலந்துப் பிரபுவாகவே உருவகிக்கப்பட்டவன். ருசிய வாசகரை இழக்க விரும்பாத பதிப்பாளர் எற்சலின் மறுப்பினால் அவனுடைய நாடு 1870ஆம் ஆண்டின் நூலில் மறைபொருளாகவே விடப்பட்டது. ஆயினும் இறுதியில் அவன் இளவரசனாகவே அமைகிறான் என்பது கவனிக்கத்தக்கது. ஒடுக்கப்பட்டோர் சார்பாகக் கடலடியில் மூச்சுவிடும் உரிமை, ஒடுக்கப்பட்டோருள்ளும் அரசகுலத்தவனுக்கே கிடைத்தது.

இதே நாவலின் பிற்பகுதியில், தென்முனைப் பனிக்கட்டிக்கு அடியில் நோட்டிலஸ் சிக்குண்டு காற்றுத் தீரும் கட்டம் வருகிறது. ஒரு கருவியின் அடியில் எஞ்சியிருந்த சிறிது காற்றைக் கொன்செய்யும் நெட் லாண்டும் தாம் சுவாசிக்காமற் பேராசிரியருக்கு வைத்துக் கொடுக்கின்றனர். நட்பின் உச்சம் என இதனை வாசகர் போற்றுவர், நானும் மறுக்கவில்லை. ஆனால் பணியாளும் தொழிலாளியும் அறிஞருக்கு மூச்சை விட்டுக்கொடுப்பது எவ்வளவு இயல்பாக நிகழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். திசை மாறி ஒருமுறைகூட அது நிகழ்வதில்லை.

யாழ்ப்பாணத்தோடு நேரடித் தொடர்புடைய மற்றொரு படைப்பு லெனார்ட் வூல்ஃபின் ‘முத்துகளும் பன்றிகளும்’ என்னும் சிறுகதை. வூல்ஃப் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு இளம் சிவில் சேவையாளராக வந்து, 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்யும் பணியில் ஈடுபட்டவர். கதை 1921இல் ‘கீழைத்தேயக் கதைகள்’ தொகுதியில் வெளிவந்தது. இங்கிலாந்தின் கடற்கரை விடுதியொன்றிற் பங்குத் தரகரும் மதகுருவும் கீழைத்தேயத்தை எவ்வாறு ஆள்வது என்று அளந்துகொண்டிருக்க, அங்கே பணிபுரிந்து திரும்பியவர் குளிப்பு முகாமின் ஓர் இரவைச் சொல்கிறார். குடிவெறியில் அலறிச் சாகும் வெள்ளையன் ஒருவன். அதே இரவில் தொழிலிடையே இறந்து கரைக்குக் கொண்டுவரப்படும் அராபியச் சுழியோடி ஒருவன். இறந்தவனைச் சூழ்ந்து நின்று அவன் இனத்தவர் பேசும் சொற்களின் மாண்புக்கும் மற்றவனின் அலறலுக்கும் உள்ள வேறுபாட்டிலேயே கதையின் வலிமை இருக்கிறது.

வேர்ணைவிட வூல்ஃப் ஓரடி முன்னே சென்றார் என்பதில் ஐயமில்லை. சுழியோடிக்கு மாண்பு கிடைத்தது. அவன் சார்பிற் சொல்லும் கிடைத்தது. ஆனால் மூச்சு நின்ற பின்னரே அவை கிடைத்தன. கடமையில் இருந்த அதிகாரி கரையில் நின்றே பார்த்தார்; கதையும் கரையை விட்டு இறங்கவில்லை. தமிழ்ச் சுழியோடிகளோ அக்கதையில் முகாமின் சனத்திரளோடு கலந்துவிட்டனர். வூல்ஃப் மேற்பார்வை செய்த அந்த ஆண்டிலேயே முத்துப்பார்கள் இலண்டன் கம்பனியொன்றுக்குக் குத்தகையாகக் கைமாறின. 1907க்குப் பின் சிப்பி விளைச்சல் பொய்த்தது, கம்பனியும் நிலைக்கவில்லை. ஈராயிரம் ஆண்டுத் தொழில் ஒன்று, தன் உட்பக்கத்தை எழுதும் ஒரு தமிழ்ப் புனைகதையைக்கூடக் காணாமல் முடிவை நோக்கிச் சென்றது.

கைலாசபதி தமது ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நூலில் நாவலின் தோற்றத்தைச் சமூக மாற்றத்தோடு இணைத்து நோக்கினார். அந்நோக்கில், உழைக்கும் மக்களின் வாழ்க்கை ஈழத்துப் புனைகதையிற் புகுந்தது எழுபதுகளின் பெருஞ்சாதனை. 1972இல் வந்த டானியலின் ‘பஞ்சமர்’, சாதி என்னும் மூச்சுமுட்டும் சூழலில் வாழ்ந்தோரைப் பேச வைத்தது. இவ்விடத்தில் ‘மூச்சு’ உருவகமாகிவிடுகிறது என்பதை உணர்கிறேன். உருவகத்தை மிகையாக நீட்டினால் ஆய்வு சுவரொட்டியாகிவிடும். ஆகவே அதனை இத்தோடு விடுகிறேன். 1973இல் வெளியான செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, நெடுந்தீவுக் கரையில் வாடியமைத்துத் தொழில் செய்வோரின் கதை. காற்று அங்கே பருவமாக, ஆபத்தாக, பிழைப்பாக வருகிறது. வள்ளத்தையும் வலையையும் காற்றையும் அந்நாவல் நன்கு அறியும். கடலின் மேற்பரப்போடு அதன் அறிவு நின்றுவிடுகிறது. தமிழகத்தில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) பற்றியும் இதனையே கூறலாம். ஜோ டி குரூசின் ‘ஆழி சூழ் உலகு’ (2004), நடுக்கடலில் மிதந்து உயிருக்குப் போராடும் மனிதரை நெடுநேரம் அருகே வைத்துக் காட்டியது. வாயும் மூக்கும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்பதற்கான போராட்டம் தமிழில் அதற்குமுன் அவ்வளவு உள்நின்று எழுதப்பட்டதில்லை. அதற்கும் கீழே, கல்லும் கயிறும் செல்லும் இடத்துக்கு, நாம் இன்னும் செல்லவில்லை.

1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கை இங்கு குறிப்பிடாதிருக்க முடியாது. இந்நாட்டுக்கு அவரை ஈர்த்தது ஆழ்கடற் சுழியோட்டம். மூச்சில்லா வெளி அவருடைய கதைகளிற் பல தடவை வருகிறது. 1957இல் எழுதிய ‘ஆழ்ந்து மூச்சு இழு’ என்னும் பொருள்படும் தலைப்புடைய சிறுகதையில், விண்வெளி நிலையத்திலிருந்து பிரிந்துபோன பகுதியொன்றிற் சிக்கியோர் கவச உடையின்றி வெற்றிடத்தைக் கடந்து தப்புகின்றனர். மூச்சை நெஞ்சில் நிறைத்துக்கொண்டு குதித்தல் அங்கே உபாயமாகிறது. முத்துக் குளிப்போனின் உபாயமும் அதுவே. நீரில் அது உயிர் காக்கும். வெற்றிடத்திலோ உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும் என்பதால் மூச்சை வெளியே விட்டுவிடுவதே வழி. 1966இல் அமெரிக்க வெற்றிட அறையொன்றிற் கவச உடையின் குழாய் கழன்றபோது, உள்ளேயிருந்த தொழில்நுட்பவியலாளர் சுமார் பதினைந்து வினாடிகளில் நினைவிழந்து, பின் உயிர் பிழைத்தார். கடலடிப் பழக்கத்தை விண்வெளிக்கு எடுத்துச் சென்றதால் ஏற்பட்ட வழு என்றே இதனை நான் எண்ணுகிறேன்.

கிளார்க்கின் சிறப்பு வேறு. அவரிடம் மூச்சு வரமுமன்று, தலைவனின் தனிச்சொத்துமன்று, பொதுப் பொறுப்பு. ‘சுவர்க்கத்தின் ஊற்றுகள்’ (1979) நாவலில், விண்ணை எட்டும் கோபுரத்திற் சிக்கிக் காற்றுக் குறைந்து தவிப்போருக்குச் சுவாச சாதனங்களை எடுத்துச் செல்பவன் அக்கோபுரத்தைக் கட்டிய பொறியியலாளன் மோர்கனே. திரும்பும் வழியில் இதயம் நின்று அவன் இறக்கிறான். கட்டியவன் தன் கட்டடத்துள் இருப்போரின் மூச்சுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன் என்ற எண்ணத்தை நீமோவிடம் தேடினால் கிடைக்காது. ஆயினும் கிளார்க்கின் மாந்தரும் பயிற்சி பெற்ற அறிவியலாளரே. அவர் நாள்தோறும் கண்ட கரைத் தொழிலாளியின் ஒரு நிமிடம் அவர் புனைவுலகின் நடுவே வந்ததாகச் சொல்ல முடியாது.

இன்று மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியை அடுத்த தீவுகளிலும் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுவோர் முதுகிற் சிலிண்டரோடு இறங்குகின்றனர். வேர்ணின் கற்பனைக் கருவி, பெயரில்லாத அம்மனிதனின் வழித்தோன்றல்களை நூறு ஆண்டு கழித்து வந்தடைந்திருக்கிறது. சாதனத்துக்கும் படகுக்கும் முதலிடும் சம்மாட்டி வேறு, அவற்றைச் சுமந்து இறங்குபவர் வேறு என்ற நிலை பல இடங்களில் உண்டு. ஒரு நிமிடம் பல நிமிடங்களாயிற்று. அவ்வளவுக்கு அவ்வளவு ஆழமும் கூடியது. வேர்ண் அறியாத நைதரசன் நோயும் இப்போது அவர்களுக்கு உரித்தாயிற்று. விரைந்து மேலெழுந்து கைகால் முடங்கியவர்களைப் பற்றிக் கரையோரக் கிராமங்களிற் கேள்விப்படாதவர் இல்லை. இதனை எழுதிய கதையொன்று ஈழத்துச் சஞ்சிகைகளில் என் கண்ணிற் படவில்லை.

பெயர் கேட்ட மாணவரிடம், அப்பெயரை நீரே வைத்து எழுதிப்பாரும் என்று சொல்லியிருந்தேன். அவருடைய தாய்மாமன் சுழியோடுபவர். சில வாரங்களின் பின் எட்டுப் பக்கங்கள் கொண்டுவந்தார். விடிகாலைப் புறப்பாடு, படகு, சம்மாட்டியோடு நடந்த கணக்கு வழக்கு, முகமூடியைத் துப்பித் துடைப்பது எல்லாம் மிக நேர்த்தியாக அமைந்திருந்தன. மாமன் நீரிற் குதிக்கும் வரியோடு எட்டாம் பக்கம் நின்றது. அடுத்த வரியில் அவர் மேலே வந்து படகின் விளிம்பைப் பிடிக்கிறார். இடையில் என்ன நடந்தது என்று கேட்டேன். “கீழை போனாப் பிறகு நடந்ததை மாமா ஒருநாளும் சொல்லுறேல்லை, சேர். கேட்டால், வேலை செய்தனான் எண்டு மட்டும் சொல்லுவார்” என்றார். அவ்விரு வரிகளுக்கும் நடுவே அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டு, தாளை மறுபடியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.